கூறப்படுகிறது: எட்டு எழுத்து

மார்ச் 4
எட்டு எழுத்துக்காக இன்று கத்திரியோடு சண்டை. எங்கள் மாலைப் பத்திரிகையின் செய்தி ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ரத்த வங்கி ஊழியர் ஒருவர் பன்னிரண்டு ரத்தப் பைகளை வெளியே விற்றுவிட்டார் என்று ஒரு மொட்டைக் கடிதம். விசாரணைகூட ஆரம்பிக்கவில்லை. அதனால் "விற்றதாகக் கூறப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததைப் பார்த்தால் — "ரத்தம் விற்ற ஊழியர்". படம் வேறு!

"தலைப்புல இடம் இல்லம்மா. ஊரே பேசுது, நீ மட்டும் இழுக்கிற."

ஊர் பேசினால் உண்மையாகிவிடுமா? பக்கத்திலேயே கால் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம். அதற்கு இடம் இருந்தது.

மார்ச் 5
அந்த ஊழியரின் மனைவி என் மேசைக்குப் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பொண்ணு பள்ளிக்கூடம் போகமாட்டேங்குதுங்க. போர்டுல அப்பா பேர எழுதி வச்சிருக்காங்களாம். அவர் வித்தத நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தானே அந்த வார்த்தை?

மார்ச் 6
வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். "கோவத்துல வேலைய விட்டுடாத" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 19
விசாரணை முடிந்தது. பன்னிரண்டு பைகளும் கெடு தாண்டியவை, முறைப்படி அழித்திருக்கிறார்கள். பதிவேட்டில் மேலதிகாரியின் கையெழுத்தே இருக்கிறது. அறிக்கையின் நகலை நானே வாங்கி வந்து கத்திரியின் மேசையில் வைத்தேன்.

ஒன்பதாம் பக்க மூலையில் நான்கு வரி கொடுத்தார். "அவர் விற்கவில்லை" என்று எழுதினேன். திருத்தி அனுப்பியிருக்கிறார்: "அவர் விற்கவில்லை என்று கூறப்படுகிறது."

அடப்பாவி! இப்போ மட்டும் எங்கிருந்துய்யா இடம் வந்துச்சு?

நேரிலேயே கேட்டேன். "நாம ஜாக்கிரதையா இருக்கணும்ல" என்றார்.

இன்று ஒன்பதாம் பக்கம் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கும் முறை என்னுடையது. அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.

மார்ச் 20
யார் அடித்தது என்று கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் என்றேன்.

ஏப்ரல் 2
இரங்கல் விளம்பரப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே இறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு வரி எழுத வேண்டுமாம். இந்தப் பத்திரிகையில் செத்தவர்களுக்காவது அந்த மரியாதை இருக்கிறது.

மதியம் அந்த அம்மா மறுபடி போன் செய்தார். எப்படியோ என் புது எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"பொண்ணு இன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்குங்க. அந்த நாலு வரிய நறுக்கிப் பையில எடுத்துட்டுப் போயிருக்கு."