மாமனார் பேர் உரிந்த தோணி

ரேமண்டுக்கு,

பழஞ்சோறும் கருவாடும் உறியில் இருக்கின்றன; தின்றுவிட்டு ஆற்றுத்துறைக்கு ஓடு.

தோணிக்குப் பூசின புன்னையெண்ணெய் காயாமல் சாயம் அடிக்காதே என்று லட்சம் தடவை சொன்னேன். "உமக்கு வயசாயிட்டு, சும்மா இரும்" என்றாய். நேற்றுத் தேங்காய் நாரால் லேசாகத் தேய்த்தேன். பச்சைச் சாயம் பாம்புச் சட்டையாய் உரிந்தது. புன்னைக்காயல் ஆற்று மீனெல்லாம் இப்போது கிளிநிறம், போ! நீ எழுதின உன் மாமனார் பேரும் மிதந்து போயிற்று. அந்தச் சாயத்துக்கு அடியில், போய்ச்சேர்ந்த உன் அம்மாவின் பேர், நான் எழுதியது, சிதையாமல் நிற்கிறது.

தோணி விட்டு ஓய்ந்த உன் அப்பன்,
மத்தியாஸ்

பி.கு.: மாமனார் பேர்தான் வேண்டுமென்றால், பலகை தெரியச் சுரண்டிவிட்டு அடி. அம்மா பேரும் போய்விடும். உளி தோணிக்குள் கிடக்கிறது. நீ சுரண்டுவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். ஏரலுக்கு, உன் அக்காள் வீட்டுக்குப் போகிறேன்.