கேட்காமல் வெளுத்த முகம்

அக்கா,

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில், சாலைக் கடைத்தெரு முனையில் உன் இரங்கல் ஃப்ளெக்ஸை மறுபடி பார்த்தேன். பதினொரு மாத வெயிலிலும் மழையிலும் ஒரு பக்கம் கயிறு அறுந்து தொங்குகிறது. "ஆதராஞ்சலிகள்" என்ற மலையாள எழுத்து மங்கிவிட்டது. உன் முகம் மட்டும் உரித்த முள்ளங்கி போல வெள்ளையாக இருக்கிறது. அது நீ இல்லை. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

நம் ஊரில் காலையில் ஒருவர் இறந்தால் மதியத்துக்குள் ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். பழவங்காடியில் நீ வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடைக்குக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து கைபேசிப் படம் வரை எதையாவது அனுப்புவார்கள். முகத்தை வெட்டி, பின்னணியை மாற்றி, சுருக்கத்தைத் தேய்த்து, வெளுப்பாக்கி, சட்டத்துக்குள் வைக்க வேண்டும். எல்லாருக்கும் அதே வேலை. அதனால் நீ அதைக் கணினியில் ஒரு தடவை செய்து, ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்தாய்; பொத்தானை அழுத்தினால் எல்லாப் படிகளும் தானாக ஓடும்.

"அப்போ நீ சொல்ற அந்த ப்ரீசெட்டுன்னா?" என்று நான் நச்சரித்தேன். நீ தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"ப்ரீசெட்டு அளவு மட்டுந்தான். ஒரு தடவை சரியா வந்ததை எடுத்து வெச்சுக்கிறது. ஆக்‌ஷன்னா செஞ்ச வேலை முழுசும், வரிசையா. நடுவுல நான் தப்பா ஒண்ணு செஞ்சாலும் அதையும் செய்யும்."

"அதுக்கு ஆளு தெரியாதா?"

"அதுக்கு எந்த ஆளும் தெரியாது, ஏட்டி. நாமதான் பாக்கணும்."

அதனால்தான் வெளுப்பாக்கும் படிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் நீ ஒரு குறி போட்டிருந்தாய். குறி இருந்தால் ஆக்‌ஷன் அங்கே நின்று, எவ்வளவு என்று கேட்கும். கடைக்கார அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் உனக்குக் குடை கொண்டுவந்தபோது அவர் முணுமுணுத்ததை நானே கேட்டேன்.

"எல்லாரும் வெளுப்பாத்தானே கேக்குது, மோளே! இது ஓரோ படத்துக்கும் நின்னு நின்னு..."

"செத்தவங்க கேக்கலியே, அண்ணாச்சி?" என்றாய் நீ.

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை நாம் சிரித்தோம்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஃப்ளெக்ஸுக்குப் படம் அனுப்பியது நான்தான். விழிஞ்ஞம் கடற்கரையில் எடுத்தது. காற்றில் முடி பறக்க, வெயிலில் உன் கறுத்த நெற்றி மின்னிக்கொண்டிருக்கும். மதியம் கட்டியதைப் பார்த்தபோது யார் வீட்டுப் பெண் என்று நினைத்தேன். அம்மா அழுகைக்கு நடுவே சித்தியிடம், "எம்புள்ள எவ்வளவு வெளுப்பா, லட்சணமா இருக்கா பாரு" என்றாள். அன்று அம்மா மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மாதம் உனக்கு வருஷத் திதி. சுவரில் மாட்ட அப்பா அந்த ஃப்ளெக்ஸ் படத்தையே கடையில் சொல்லிவிட்டார். "எல்லாரும் பாத்த படம்லா, அதையே போடுவோம்" என்கிறார். அந்த முகம் வீட்டுக்குள் வந்துவிட்டால், இனி வரும் எல்லாருக்கும் அதுதான் நீ. அதனால் இன்று பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன்.

ஆக்‌ஷனைத் திறந்து காட்டச் சொன்னேன். நீ பதிந்த படிகள் எல்லாம் இருந்தன. வெளுப்பாக்கும் படிக்குப் பக்கத்தில் பெட்டி காலி. அளவு நாற்பது.

"குறியை யாரு எடுத்தது?"

"நாந்தான். அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வேலை குமிஞ்சு போச்சு."

"அக்கா படமும் இதுலயா போச்சு?"

அவர் திரையைப் பார்த்தார். "அன்னைக்கு நாலு மரணம், மோளே. நான் படத்தைப் பாக்கவேயில்ல."

நான் என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி எழுந்து, நீ உட்காரும் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் குறியைத் திரும்பப் போட்டேன். விழிஞ்ஞத்துப் படத்தை ஓட்டினேன். அந்தப் படியில் நின்றது, கேட்டது. சுழியம் என்று அடித்தேன். நீ வந்தாய்.

ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவர் எடுத்தது ஒரு குறியை மட்டும். அந்தப் படியைப் பதிந்தது உன் கை. எதற்காக வைத்தாய்?

பிரிண்ட் வந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி என் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையில் இருந்த என் படத்தைக் காட்டி, "அப்போ இது?" என்றார். நான் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "ஆமா, இவதான்" என்றார். சுத்தியலைத் தேடப் போனார்.

அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அந்த அட்டைக்கு என் படத்தை நீதான் ஓட்டினாய். அது நின்றது. "எவ்வளவு வேணும்ட்டி?" என்று கேட்டாய். நான் முப்பது என்றேன். "நெசமாவா?" என்றாய். ம் என்றேன். நீ அடித்தாய். வீடு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தாய்.

உன்னைக் கேட்காமல் வெளுத்தார்கள். என்னைக் கேட்டுத்தான் வெளுத்தாய். நாளைக்கும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போக வேண்டும், அக்கா.