உன் முகத்தின் அகலம்

நண்பா,

போன வாரம் உன் மனைவி ஒரு மக்ரூன் டப்பாவோடு என் எடிட்டிங் அறைக்கு வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் பழைய முந்திரி வாசனை. உள்ளே கேம்கார்டர் டேப் ஒன்று, உன் கையெழுத்தில் ‘மணப்பாடு - டெஸ்ட்’ என்று எழுதியிருந்தது.

“அவிய இருக்குற வீடியோ இது ஒண்ணுதான் அண்ணாச்சி. முதல் வருச நினைவு நாளுக்கு இதுலேர்ந்து ஒரு படம் எடுத்துத் தாங்க.”

பதினைந்து வருடம் நீ படம் பிடித்தாய், நான் வெட்டித் தொகுத்தேன். எத்தனையோ கல்யாணங்களை உன் கண் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதிலும் நீ இல்லை. புதுக் கேமரா வாங்கிய மறுநாள், மணப்பாட்டுக் கடற்கரையில் நடந்த ஒரு கல்யாணத்தில், மணமக்கள் கோயிலுக்குள் இருந்த நேரத்தில்தான், சோதித்துப் பார்க்க உன்னை நான் எடுத்தேன்.

டேப்பைக் கணினியில் ஏற்றி நிறுத்தினேன். கடற்கரை மணலில் பைக்கில் சாய்ந்து நிற்கிறாய். ஒடுங்கிய கன்னம், நீண்ட கழுத்து. உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பமே இப்படி மெலிஞ்சுதான் இருந்தாவளா? நாந்தான் கவனிக்காம விட்டுட்டனா?”

நோய் உன்னைத் தின்ற கடைசி மாதங்களின் முகம் அது. ஒரு கணம் நானும் நம்பிவிட்டேன்.

பிறகுதான் பைக்கின் சக்கரத்தைப் பார்த்தேன். முட்டையைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் இருந்தது. அன்று கேமராவை வைட் ஸ்கிரீனில் வைத்திருக்கிறாய். அது அகலமான படத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் டேப்பில் பதியும். கணினி அது தெரியாமல் பழைய டிவி அளவிலேயே காட்டியிருக்கிறது.

“அவனுக்கு அப்ப ஒண்ணுமில்லம்மா. அளவுதான் தப்பா இருக்கு” என்று சொல்லி, நாலுக்கு மூன்று என்றிருந்ததைப் பதினாறுக்கு ஒன்பதாக மாற்றினேன்.

படம் விரிந்தது. சக்கரம் வட்டமானது. உன் கன்னம் நிறைந்தது. சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும் அந்தத் தொப்பையும் வந்து சேர்ந்தது. ஓடவிட்டேன். “ஏலே, என்னைய எதுக்குலே பிடிக்க? பொண்ணு வெளிய வாரா பாரு!” என்று கூச்சத்தோடு சிரித்தாய்.

அழுதுகொண்டிருந்தவள் தானும் சிரித்துவிட்டாள். “இதுதான் அண்ணாச்சி. இதுதான் அவிய.”

அந்தச் சிரிப்பைத்தான் படமாக எடுத்துக் கொடுத்தேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். நீ போனதிலிருந்து, கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன்தான் எனக்கும் வந்துகொண்டிருந்தான். நீ எப்படியிருந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இந்த வாரம் முழுக்கக் கடற்காற்றில் சட்டை படபடக்க, கன்னம் உப்பிய ஒருவன் வருகிறான். அவனோடுதான் இருக்கிறேன்.