நூற்றுக்கு ஐம்பத்திரண்டு

ஊர்காவற்றுறை
14.07.2005

அன்புள்ள மகள் அன்ரனிட்டாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் வலது முழங்காலைத் தவிர எனக்கு மற்ற எல்லாம் சுகம். உமது சுகத்தை இதுவரை இன்ரநெற்றில் நீர் எழுதுவதை வாசித்து அறிந்து வந்தேன், ஐந்து மாதமாக அதுவும் இல்லாதபடியால் முத்திரை ஒட்டிக் கேட்கிறேன். தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை. கனடாவில் பூமி பிளந்தாலும் நீர் "நான் சுகம் அம்மா, நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ" என்றுதான் சொல்வீர்.

மீன் கொண்டு வரும் றோசம்மாவிடம், என் மகள் இங்கிலிசில் புளொக் எழுதுகிறாள் என்று முன்பு பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவள் அதைச் சீமெந்துப் புளொக் கல் என்று விளங்கிக்கொண்டு, "அக்கா, பிள்ளையின்ர வீடு கூரை மட்டத்துக்கு வந்திட்டுதோ" என்று கிழமைக்கு ஒருதரம் கேட்பாள். போன கிழமை, வேலை இடையில் நிற்கிறது என்று சொன்னேன். அதில் பொய் இல்லைத்தானே. "ஐயோ, ஆர் நிப்பாட்டினது" என்று கேட்டாள். நான் மீனுக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

உமது அப்பாவோடு வேலை செய்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணைதான் பென்சன் எடுக்க யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் உமது எழுத்தை அச்செடுத்து வருவார். மாசி மாதத்துக்குப் பிறகு "ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்று வெறுங்கையோடு வந்தார். அவர் மறந்துபோய்ச் சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறினேன். மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறி, முழங்காலைத் திட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். இன்ரநெற் கடையில் நிலக்சனா என்ற பிள்ளை தன் கதிரையைத் தந்து, உமது கடைசி எழுத்தைக் காட்டினாள். இரண்டே வரி. அம்மாவின் சிவப்பு மை வந்து சேர்ந்தது, இங்கிலிசை ஒழுங்காகப் படித்த பிறகு எழுதுகிறேன் என்று இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தை மாதம் உமது எழுத்தைத் திருத்தி, பதினேழு பிழைக்கு வட்டம் போட்டு, நூற்றுக்கு ஐம்பத்திரண்டு என்று அடியில் எழுதித் தபாலில் அனுப்பியவள் நான்தான். அது தாராளமான புள்ளி என்றும் நினைத்திருந்தேன்.

உமது இரண்டு வரிக்குக் கீழே பலர் உம்மைத் தேடி எழுதியிருக்கிறார்கள். பிறேசில் நாட்டு மனிதர் ஒருவர் "பிளீஸ் யூ றைற், ஐ வெயிற்றிங்" என்று கெஞ்சியிருக்கிறார். என் கை தன்பாட்டில் பேனையைத் தேடிப் பைக்குள் போய்விட்டது. பிறகுதான் யோசித்தேன், நீர் எழுதும்வரை காத்திருக்கிறார் என்பது எனக்கு முழுதாக விளங்கியிருக்கிறது. இன்னோரிடத்தில், நான் எதற்கும் "ஓம்" என்று சொல்வதாக நீர் எழுதியதை ஓர் அமெரிக்கப் பெண் வாசித்துவிட்டு, உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தியானம் செய்வா என்று கேட்டிருக்கிறா. மீன் நல்லதோ என்றால் ஓம், உப்புப் போட்டாச்சோ என்றால் ஓம், இதற்கெல்லாம் செபமாலையோடு திரியும் என்னை முனிவராக்கிவிட்டீர். நிலக்சனா சிரித்து, "நீங்கள் சாமியாரோ அம்மா" என்றாள். ஓம் என்றேன்.

உமக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொன்வென்ற்றில் எனக்குப் பதினொரு வயதில், நான் எழுதிய கட்டுரையை சிஸ்ரர் ஒருவர் வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு பிழையாகச் சுட்டி வாசித்துக் காட்டினார். அந்த வருடம் முழுவதும் நான் வகுப்பில் இங்கிலிசில் வாய் திறக்கவில்லை. அவரைப்போல ஒருநாளும் இருக்க மாட்டேன் என்று நினைத்தவள், அவருடைய பேனையையே வாங்கி வைத்திருக்கிறேன் போலும்.

வீட்டுக்கு வந்து நீர் தை மாதம் எழுதியதன் பிரதியைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததை எழுதி, முடிவில், அழவில்லை என்பதை "ஐ டிட் நொட் கிறைட்" என்று போட்டிருந்தீர். நான் 'கிறைட்' என்பதை வெட்டி 'கிறை' என்று எழுதினேன். கை நோகிறதோ என்று கேட்கவில்லை.

சிவப்புப் பேனையை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை றோசம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள், வீட்டு வேலை திரும்பத் தொடங்கட்டும் என்று சொன்னேன். ஆகையால் எழுதும், பிள்ளை. பனிக் காலத்துக்கு முன் வழுக்காத சப்பாத்து வாங்கும், இரவுச் செபத்தை விடாதேயும். மாதாவின் காவல் உம்மோடு இருக்கட்டும்.

அன்றைக்கு அழுதீரோ இல்லையோ என்பதை மட்டும் முதலில் எழுதும். எந்தக் காலத்தில் எழுதினாலும் எனக்குச் சம்மதம், இறந்தகாலமோ நிகழ்காலமோ நான் பார்க்க மாட்டேன்.

ஆசீர்வாதத்தோடு காத்திருக்கும்
உமது அம்மா