தூக்குவாளியின் அடியில் நீ வெட்டிய சொல்

போன வாரம் மதுரையில் ஒரு பாத்திரக்கடையில் நின்றிருந்தேன். கூட வந்தவள் கவிதா. இருபத்து நான்கு வயதுத் திருநங்கை, என்னை அம்மா என்று கூப்பிடுகிறவள். வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறாள், அதற்காக எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பேர் வெட்டுகிறவர், தலை நரைத்த மனிதர், மிஷினை எடுத்துக்கொண்டு என்ன பேர் என்று கேட்டார். "பொட்டை கவிதான்னு போடுங்கண்ணே" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். மிஷின் கிர்ரென்று எவர்சில்வரில் இறங்கியது. வெளியே வந்து, வெயிலில், யாருடைய தள்ளுவண்டியையோ பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, அந்த வார்த்தையா?" என்று பின்னாலேயே வந்தாள். "நாமளே சொல்லிக்கிட்டா அவனுக சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

அச்சு அசலாக உன் பேச்சு. உன்னை அவளுக்குத் தெரியாது. உன்னைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் இதை உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. நீ பாலவனத்தத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டினாய். நான் விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டினேன். இரண்டு பேருமே ஆண்பிள்ளைச் சட்டைதான் போட்டிருந்தோம். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன், நீ அதன் மேல் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு உன் நடையை நடந்தாய். சீர்ப் பாத்திரம் வாங்க வருகிற பெண்கள் "அவுக வெட்டுனாத்தான் எழுத்து லட்சணமா இருக்கும்" என்று உனக்காகக் காத்திருப்பார்கள். அந்த வீட்டு ஆண்கள் வாசலில் நின்று உன்னைப் பார்த்துக் கனைப்பார்கள். முதலாளி உன் எழுத்துக்காகக் கனைப்பைப் பொறுத்துக்கொண்டார்.

முதல் நாள் தட்டு வாங்க வந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தாய். "நீயும் நம்ம ஆளுதானலே, பொட்ட" என்றாய் மெதுவாக. மீதிக் காசைக் கூட வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். மறுநாள் நானே திரும்பி வந்தேன். வேறு எங்கே போவேன்?

எனக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், பதினான்கு வயதில், அக்காவின் தாவணியை உடுத்திக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். வேலியில் கருவேலங்கம்பு ஒன்றை ஒடித்தார். முள்ளைச் சீவவில்லை. ஓர் அடிக்கு ஒருதரம் அந்தச் சொல்லைச் சொன்னார், மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி. முதுகில் ஒடிந்து நின்ற முள்ளை அம்மா ஊக்கால் தோண்டி எடுத்தாள். அழுதுகொண்டேதான் எடுத்தாள். அவளும் அதையேதான் சொன்னாள்.

நீ ஒன்றும் பூவில் வளர்ந்தவள் இல்லை. உன் அண்ணன் கொதிக்கிற வடிகஞ்சியை உன் தோளில் ஊற்றினான், அதே சொல்லைச் சொல்லித்தான். ஆனாலும் நீ அதை எடுத்துக்கொண்டாய். என்னைக் கூப்பிட, உன்னையே திட்டிக்கொள்ள, சந்தோஷம் வந்தால், பசித்தால், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். நான் கோபப்பட்டால் சிரிப்பாய்.

"எறிஞ்ச கல்லு நம்ம வாசல்லதானலே கிடக்கு. எடுத்து அடுப்புக் கூட்டிக்கிறேன். ஒனக்கு என்ன?"

"எனக்கு அது மண்டையில விழுந்த கல்லு. அதுல வெந்த சோறு எனக்கு எறங்காது" என்பேன்.

"எறங்கும், எறங்கும். பசிச்சா எறங்கும்."

அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு தூக்குவாளி கொடுத்தாய். பக்கவாட்டில் செல்வராசு என்று என் பேர், சுற்றிலும் சின்னப் பூக்கொடி. ஒரு வாரம் பெருமையாக அதில் சோறு கொண்டுபோனேன். அடியைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே நீ வெட்டியிருந்தது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். எவர்சில்வர் வாளியைக் கழுவினால் கவிழ்த்துத்தான் வைப்பார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு சனிக்கிழமை மதியம், கூடத்துக் குழாயடியில், பக்கத்துத் தறி மாரிச்சாமி அதை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"என்னலே, ஒன் வாளியில பொட்டைன்னு வெட்டியிருக்கு?"

"பாத்திரக்கடையில ஒரு பொட்டப்பய இருக்கான்ல. அவன் சேட்டை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார்.

"அவன் எதுக்குலே ஒன் வாளியில வெட்டுறான்?"

வாளியைப் பிடுங்கிக்கொண்டு தறிக்குப் போனேன். சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவன் வந்து மார்பைக் கிள்ளினான். ஒருவன் இடுப்பில் இடித்துவிட்டுப் போனான். அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டுத் தறியை ஓட்டினேன். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். செய்தி ஊருக்குப் போனால் அப்பா இந்தமுறை கம்போடு விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அரிவாள் வீட்டுக் கூரையில்தான் செருகியிருக்கும்.

ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். எதிரே டீக்கடை ஓரத்தில் நீ நின்றாய். உனக்கு ஒன்றும் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே பொட்ட, எம்புட்டு நேரம்லே நிக்கிறது? வா, பஸ்ஸு போயிரும்."

முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ரோட்டைத் தாண்டி வந்து, கையிலிருந்த வாளியை வீசி உன் வாயில் அடித்தேன். சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே ரத்தம் வந்துவிட்டது. "யாருலே பொட்ட? நீதாம்லே பொட்ட" என்று மறுபடி அடித்தேன். ஓர் அடிக்கு ஒருதரம் சொன்னேன். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அது எங்கப்பாவின் குரல் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் செய்தது ஒரு கோபக்காரனின் காரியமாகப் போயிருக்கும். "அவனே அடிக்கான், நாம என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்றான் மாரிச்சாமி. அவ்வளவு நாளாக உன்னைப் பார்த்துக் கனைத்ததோடு நின்றவர்கள்தான். கைவைக்க ஒரு ஆள் முதலில் வேண்டியிருந்தது, நான் கிடைத்தேன். கட்டையால் அடித்தார்கள். விலாவில் மிதித்தார்கள். வேட்டியை உருவிவிட்டார்கள். பேர் வெட்டுகிற வலது கையை ஒருவன் கல்லில் வைத்து அழுத்தப் பிடிக்க, இன்னொருவன் செருப்புக் காலோடு அதன் மேல் ஏறி நின்றான். விரல் ஒடிகிற சத்தம் கேட்டது. நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. யாரைப் பார்த்தும் கும்பிடவில்லை. கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தாய்.

பிறகு என் தோளில் தட்டி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

இப்போது எங்கள் கூட்டங்களில் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறார்கள். பாதிப் பேர், அது நம்முடையது, தட்டியில் எழுதித் தூக்கிப் பிடிப்போம் என்கிறார்கள். பாதிப் பேர், அதைக் கேட்டால் செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறார்கள். மூத்தவள் நீ சொல்லு என்று என் பக்கம் திரும்புகிறார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். சொல்லாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல் என்று சொல்லவும் இல்லை.

அடி விழுந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாயில் தையல், கையில் மாவுக்கட்டு என்றார்கள். உன் அம்மா வாசலில் நின்று, "பஸ்ஸுல இருந்து விழுந்துட்டானாம். போலீசு கேட்டாலும் அதையேதான் கையால சாடை காட்டுறான்" என்றார்கள். கொண்டுவந்த ரொட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் படியோடு திரும்பிவிட்டேன். உள்ளே வரவில்லை. வந்தேன் என்று உன் அம்மா சொன்னார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த மாதமே தறியை விட்டுவிட்டு மதுரைக்கு வந்துவிட்டேன். இங்கே நம்மைப் போன்ற பலபேரோடு பழகி, புடவை கட்டி, வேறு பேர் வைத்துக்கொண்டு, ஒரு மனுஷியானேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். மடங்காத விரல்களால் ஒரு பையை அணைத்துக்கொண்டு நரிக்குடி பஸ்ஸுக்கு நின்றாய். முன்பற்கள் நான்கு இல்லை. நான் கிட்டே வந்தேன். நீ ஓடவில்லை, திட்டவில்லை. ஒரே பார்வையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாய்.

"வாங்க" என்றாய். "நல்லாருக்கீகளா? சேலை ஒங்களுக்கு நல்லாருக்கு."

வேற்று வீட்டு ஆளிடம் பேசுகிற அந்த மரியாதை. அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை அந்தச் சொல்லால் கூப்பிடாதே என்று எத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், கடைசியில் கேட்டுக்கொண்டாய். நீங்கள், வாங்க, போங்க. பஸ் வந்தது. "வாரேங்க" என்று ஏறிவிட்டாய். அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாய் என்று பஜாரில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கிறதற்காக இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. கவிதா அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்குக் கருவேலங்கம்புதான் விழுகிறது. தெருவில் எவன் சொன்னாலும் அதுதான். சோறு ஆறிப்போகும், வா என்று கூப்பிடுகிற மாதிரி அதைச் சொல்லத் தெரிந்த வாய் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் உடைத்தேன்.