கமலக்காவின் பெட்டிமேல் மயில் நீலம்

என் கமலக்கா,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நம் தம்பி கோபாலின் மகள் செல்விக்கு வருகிற தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டில் இருந்தபடியே டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். உன் சின்ன டைப்ரைட்டரைச் சீரில் வைத்துவிடலாமா என்று கோபால் கேட்டான். எனக்குச் சந்தோஷம்தான். செல்வி டைப் பழகியதே அதில்தானே. தருமபுரியிலிருந்து மாரண்டஹள்ளியில் கோபால் வீடு வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"பெட்டி துருப்பிடிச்சிருக்குது சின்னக்கா. ஒரு கோட்டு அடிச்சிட்டா புதுசாட்டம் ஆயிரும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. மிஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, தகர மூடியை நானே உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளைப் பெயின்ட்டில் நீ எழுதிய 'கு. கமலம்' மேல் மட்டும் தாள் படாமல் பார்த்துக்கொண்டேன். ஆபீசுக்கு எடுத்துப்போனால் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு நீ எழுதியது. கடைசி எழுத்தின் புள்ளி மிளகு அளவுக்கு இருக்கும்.

தக்காளிக்கு மருந்தடிக்கிற கைபம்பில் மயில் நீல எனாமலைக் கரைத்து ஊற்றிக்கொண்டு வந்தான் கோபால். பம்பைக் கழுவினாயா என்று கேட்டேன். கழுவியாச்சு என்றான். கழுவவில்லை. முதல் பீய்ச்சிலேயே பூச்சிமருந்து நாற்றம் தொண்டையை அடைத்தது. பெயின்ட் திரிந்துபோய்த் தகரத்தின்மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தோட்டத்தில் மருந்துக்குச் சாகாத பூச்சிகள் இங்கே வந்து ஈரத்தில் ஒட்டிச் செத்தன.

அடுத்த பீய்ச்சு உன் பெயர்மேல் விழுந்தது.

"பேரை விட்டுட்டு அடிடா" என்றேன்.

அவன் கையை நிறுத்தவில்லை. பதில் சொன்னது அவன் மனைவி ராஜாமணி.

"கல்யாணம் ஆவாம செத்தவங்க பேருங்க அண்ணி. சீர்ல வெச்சா நல்லாருக்குங்களா? மாப்பிள்ளை வூட்ல நாலு பேரு பாப்பாங்க."

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டாள். நீலம் காய்ந்ததும் அதன்மேல் செல்வியின் பெயரை நான்தான் எழுத வேண்டுமாம், என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்குமாம். கோபால் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் புருஷன் இருப்பதால் என் கையெழுத்து ஆகும் போலிருக்கிறது.

 

அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியது உன் சம்பளத்தில். செல்வி பிறந்தபோது துணியில் சுற்றி முதலில் கொடுத்தது உன் கையில். அன்றைக்கெல்லாம் நீ கல்யாணம் ஆகாதவள் என்பது யாருக்கும் உறுத்தவில்லையே அக்கா? உனக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்துதான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாயா?

பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஈர நீலத்தை அழுத்தித் துடைத்தேன். நீலம் வந்தது. அடியிலிருந்த வெள்ளையும் கூடவே வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எது எதைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் தெரியவில்லை. அவர்கள் மறைக்கத்தான் பார்த்தார்கள். அழித்தது நான். துணியில் வெளிர்நீலமாக ஒரு கறை, அவ்வளவுதான் நீ எழுதியதில் மிஞ்சியது. என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்யாண வீட்டில் இப்படி அழிச்சாட்டியம் பண்ணுகிறாயே என்று கோபால் கத்தினான். ராஜாமணி எழுந்து உள்ளே போய்விட்டாள். செல்விதான் வந்தாள். மிஷினைத் தூக்கிப் பெட்டியில் வைத்து, கொக்கியை மாட்டி, என் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துட்டுப் போயிருங்க அத்தை. இங்க இருந்தா நாளைக்கு மறுபடியும் அடிச்சிருவாங்க." அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வேணுங்க அத்தை. ஆனா இப்படி வேணாம்."

இப்போது அது என் மேஜைமேல் இருக்கிறது. திட்டுத்திட்டாக நீலம் ஒட்டி, சொறிபிடித்ததைப்போல, பார்க்கச் சகிக்கவில்லை. உன் பெயரை நான் திரும்ப எழுதப்போவதில்லை. அது உன் எழுத்தாக இருக்காது.

ஒன்று மட்டும் செய்வேன், இது வாக்கு. கல்யாணம் முடிந்ததும் நானே இதை ஓசூருக்குக் கொண்டுபோவேன். யாருடையது என்று செல்வியின் மாமியார் கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்வேன். கமலத்தினுடையது, என் அக்கா, டைப்பிஸ்ட், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இறந்துவிட்டாள் என்று நிறுத்தாமல் சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் முகம் எப்படிப் போனாலும் சரி, செல்வியின் கையில் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுசீலா