பின் சீட் நீங்கலாக

மாப்ளே,

உன் வண்டியை விற்றுவிட்டேன். கோயம்புத்தூரில் பழைய கார்களாகச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் வாங்குகிறார். விற்கச் சொன்னது உன் மகன். பேசி முடித்தது நான்.

காலையில் ஷெட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்ததும் தோலும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. அடியில் லேசாகக் கந்தகம். பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நம் ஊரில் எதை முகர்ந்தாலும் கொஞ்சம் கந்தகம் இருக்கத்தான் செய்யும்.

காரியாபட்டிப் பக்கத்து மிராசுதார் வீட்டுக் கொட்டகையில் வண்டியை முதலில் பார்த்தவன் நான். பழைய இரும்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கூரையை மடக்கிப் போடும் நீள வண்டி, தவலை மாதிரி இரண்டு விளக்கு. அந்த வீட்டுத் தாத்தா அதில் குற்றாலம் போனார். மகன் நிலத்தை விற்றுப் பெட்ரோல் ஊற்றினார். பேரன் காலத்தில் பின் சீட்டில் கோழி அடைகாத்தது. எடைக்குப் போட இருந்தேன். நீதான் தடுத்தாய்.

"ஏலே, இத ஒடச்சா ஒன் கை வெளங்காது. எங்கிட்டத் தள்ளு."

"தீப்பெட்டி ஒட்டித் திரிஞ்ச பயலுக்கு ராசா வண்டி கேக்குதோ?"

"ஒட்டுனவனுக்குத்தாம்ல உக்காந்து போற சொகம் தெரியும்."

நீ வாங்கிப் பழுது பார்த்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு என்றால் உன் வண்டிதான். வாடகை வாங்க மாட்டாய். முன்னால் சரவெடி வெடித்துக்கொண்டே போகும், நீயே ஓட்டுவாய். ஊர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் உன்னைப் பார்க்கும். அதற்குத்தானே நீயும் ஓட்டினாய்!

பிறகு அந்தத் தீபாவளி சீசன். நாரணாபுரத்தில் உன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. வடக்கே போக வேண்டிய ஆர்டரை முடிக்க, அந்த அறைக்குள் அனுமதித்ததற்கு மேல் ஆட்களை உட்கார வைத்திருந்தாய். இதை நீ உயிரோடு இருந்தபோதே உன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். இப்போது புதிதாகச் சொல்லவில்லை. ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல், கல்யாணத்துக்கென்று துடைத்து நிறுத்தியிருந்த இந்த வண்டியில், உள்ளே வேலை பார்த்த முத்துலட்சுமியைத் தூக்கிக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்தாய். அவள் பிழைத்தாள். அவளோடு அந்த அறையில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அவளுடைய முதுகுத் தோல் சீட்டிலேயே ஒட்டி நின்றுவிட்டது.

அதோடு கல்யாண வீடுகள் வண்டியைக் கேட்பதை நிறுத்திவிட்டன. சீட்டை மாற்று, ஊர் மறந்துவிடும் என்றேன்.

"ஊரு மறக்கட்டும்ல. நான் மறக்கக் கூடாதுல்லா" என்றாய்.

கேஸ் முடிந்தது, நஷ்டஈடு கொடுத்தாய், கம்பெனியை மூடினாய். ஆனாலும் ஷெட்டுக்குள் போய் அந்தச் சீட்டின் முன்னால் நிற்பதை மட்டும் விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அதையேதான்: "சீட்ட மட்டும் மாத்த விடாதல." சரி என்றேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கும் அந்தச் சீட்டில்தான் கண். ஒரிஜினல் தோல் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கறையைக்கூடத் தொட மாட்டேன், கதையை எழுதிப் பக்கத்திலேயே வைப்பேன், இருபது லட்சம் தருகிறேன் என்றார். உனக்குக் கொடுத்த வாக்கும் நிற்கிறது, விலையும் நிற்கிறது. யாவாரத்தில் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம்.

வண்டி ஊரைவிட்டுப் போகிறதே, முத்துலட்சுமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நாரணாபுரம் போனேன். உன்னைப் பற்றி அவள் வாயால் நல்லதாக நாலு சொல் கேட்கலாம் என்ற நப்பாசையும் இருந்தது.

"வாங்கண்ணாச்சி, நல்லா இருக்கீகளா?" என்று நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டாள். வலது கை சேலைக்குள் இருந்தது.

சீட்டை நீ மாற்றாமலே வைத்திருந்ததையும், கோயம்புத்தூர்க்காரர் அதைக் கதையோடு பார்வைக்கு வைக்கப்போவதையும் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது.

"மாத்தவே இல்லையா?"

"இல்ல தாயி. செஞ்ச தப்ப மறக்கக் கூடாதுன்னு வச்சிருந்தான்."

 அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள். "எந்தோலு ஒட்டியிருக்கத அம்புட்டு வருசமும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா? அவுக வருத்தம் அவுகளுக்கு. அது என் ஒடம்புல்லா."

அவள் அதோடு விடவில்லை.

"இனிமே கோயம்புத்தூருல நின்னு பாப்பாகளோ? டிக்கெட் உண்டாண்ணாச்சி?"

யாவாரத்தில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி வாங்கியதில்லை.

"என்ன செய்யணும், சொல்லு தாயி."

"கழட்டி எங்கிட்டக் குடுத்துருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மாப்ளே, உன் துக்கம் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த ஷெட்டில் நீ அழுததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் நீ அழுவதற்கு வைத்துக்கொண்டது உன் பொருள் இல்லையே. உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். அதற்காக நீ எப்படித் திட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது ஒரு முறை உன் காதில் விழுந்திருந்தால் நீயே கழற்றியிருப்பாய் என்றும் தோன்றுகிறது. இனி உன்னை நினைக்கும்போதெல்லாம் சரவெடிப் புகைக்குள் நீ ஓட்டி வந்த கோலத்தோடு அந்த 'டிக்கெட் உண்டா'வும் சேர்ந்தே வரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள எனக்குத் தெரியவில்லை.

சீட் இல்லாவிட்டால் வண்டியே வேண்டாம் என்று கோயம்புத்தூர்க்காரர் முறுக்கினார். உன் மகன் முகம் சுண்டிப் போனான். இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடித்தேன்: பின் சீட் நீங்கலாகப் பதினைந்து லட்சம், கதை எழுதி வைக்கக் கூடாது, கழற்றும் கூலியும் நாரணாபுரத்தில் கொண்டுபோய் இறக்கும் வண்டி வாடகையும் என்னுடையது.